துவக்கு ஏன் உதைக்கிறது?

பருத்தித்துறையை அடுத்த புலோலியில், வெங்காயத் தோட்டத்தில் இறைப்பு நடக்கும் காலை வேளையில் ஒரு காட்சியைக் காணலாம். இயந்திரம் முழு வேகத்துடன் நீரை இறைக்கும்போது, றப்பர்க் குழாயின் நுனியைப் பிடித்திருக்கும் சிறுவன் சற்றே கை நெகிழ்ந்தால் போதும். குழாய் துள்ளிப் பாம்பெனப் புரளும். நீர் முன்னே பாய்கிறது, குழாய் பின்னே உதைக்கிறது. நுனியில் இடமும் வலமும் வாய் திறந்த இணைப்பொன்றைப் பொருத்திவிட்டால் அந்தப் பின்னுதைப்பு அடங்கிவிடும்.

துவக்கு உதைப்பதும் இதே விதியினாலேயே. துவக்கின் ஓசை நம் வடமராட்சிக்குப் புதிதன்று. 2009 வரை நீடித்த போர்க்காலத்தைக் கடந்து வந்தவர்கள் அதனை விளையாட்டாகக் கருதமாட்டார்கள். எனினும் அவ்வுதைப்பில் உறைந்திருக்கும் பௌதிகத்தை மாணவர் அறிந்திருத்தல் நன்று.

பழைய .303 றைபிளை எடுத்துக்கொள்வோம். அதன் குண்டு ஏறத்தாழ 11 கிராம். செக்கனுக்கு 740 மீற்றர் வேகத்தில் வெளியேறும். துவக்கின் நிறையோ 4 கிலோ. குண்டு மட்டுமே வெளியேறுவதாயின் துவக்கு செக்கனுக்கு 2 மீற்றர் வேகத்திற் பின்வாங்கும். உண்மையில் அவ்வேகம் 3 மீற்றரை நெருங்குகிறது. மிகுதி எங்கிருந்து வந்தது? எரிந்த வெடிமருந்தின் வாயு, குண்டினும் விரைவாக அதன் பின்னே பீறிட்டுப் பாய்வதே காரணம். குண்டைத் திருப்ப இயலாது, வாயுவைத் திருப்பலாம். குழலின் முனையிற் பக்கத் துளைகளுடைய உறையொன்றைப் பூட்டி அவ்வாறு செய்வதையே ‘மசில் பிறேக்’ என்கிறார்கள். நாம் குழல்வாய்த் தடை எனலாம். வேகம் 3இலிருந்து 2ஆகக் குறையுமாயின், தோளைத் தாக்கும் சக்தி பாதிக்கும் கீழே இறங்கிவிடும். சக்தி வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததன்றோ!

அவ்வாறாயின் எல்லாத் துவக்குக்கும் இதனைப் பூட்டிவிடலாமா? மருந்து மிகுதியாக எரியும் பெரிய தோட்டாவுக்கே இதனாற் பயன் மிகுதி. சிறிய .22 றைபிளுக்கு இது வீண் செலவு. பயிரை அழிக்கும் பன்றிக்கு அஞ்சி அனுமதிப் பத்திரத்துடன் வேட்டைத் துவக்கு வைத்திருக்கும் கமக்காரருக்கும், பிடங்கின் அடியில் ஒரு றப்பர் மெத்தை இதனினும் மேலானது. குழல்முனையில் தென்படுவதெல்லாம் தடையுமன்று. 1944இல் உருவான ‘ஜங்கிள் காபைன்’ என்னும் இலேசான றைபிளின் முனையிற் புனல்போன்ற உறுப்பொன்று உண்டு. அது தீப்பிழம்பை மறைப்பதற்கானது. அத்துவக்கோ பொல்லாத உதைக்குப் பேர்பெற்றது!

இனி, தேர்ந்தெடுப்பவர் பெரும்பாலும் மறந்துவிடும் ஒன்றைச் சொல்லவேண்டும். முன்னே போகவேண்டிய வாயுவைப் பக்கமாகவும் பின்னாகவும் திருப்பினால், அதன் ஓசையும் உடன் திரும்பும். தடையில்லாத றைபிளின் வெடியோசையே 150 டெசிபெலைத் தாண்டுவது வழக்கம். 140ஐக் கடந்த வெடியோசை ஒரே தரத்திற் செவியைக் கெடுக்கவல்லது. உட்செவியின் நுண்மயிர்க் கலங்கள் ஒருமுறை அழிந்தால் மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை. தோளின் கன்றல் ஒரு வாரத்தில் ஆறிவிடும். சுடுபவராவது ஆயத்தமாகச் செவிக்காப்பு அணிந்திருப்பார். அருகே நிற்கும் துணைவரின் நிலை என்ன? எம்மைக் கேட்டால், துணைவருக்கும் செவிக்காப்பு வாங்காதவர் இத்தடையை வாங்கவே கூடாது.

சர்வதேச துப்பாக்கி சுடும் போட்டிகளில், 300 மீற்றர்ப் போட்டிக்குரிய பெரிய றைபிள்களிலும் இத்தடைக்கு இடமில்லை. வீரர்கள் ஒரே வரிசையில் அருகருகே இருந்து சுடும் களத்தில் அவ்விதி பொருத்தமானதே. அங்கே உதைப்பைத் தாங்குவது துவக்கின் கனமும், பிடங்கைத் தோளில் இறுகப் பொருத்தும் பயிற்சியுமே.