நடுவானில் 2 சூரிய உதயம்! இலங்கைக்குப் பறந்த ‘ரகசிய’ விமானம்

ஒரே விமானப் பயணத்தில் 2 தடவை சூரியன் உதிப்பதைப் பார்க்க முடியுமா? பார்த்திருக்கிறார்கள். அதுவும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு!

2018 மார்ச்சில் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் இருந்து லண்டனுக்கு நேரடி விமானம் விட்டார்கள். தூரம் சுமார் 14,500 கிலோ மீட்டர். நடுவில் எங்கும் இறங்காமல் 17 மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது. எல்லோரும் மூக்கில் விரலை வைத்தார்கள்.

ஆனால் இதே பெர்த்தில் இருந்து, அதில் பாதி தூரம்கூட இல்லாத இலங்கைக்கு வருவதற்கு ஒரு காலத்தில் 30 மணி நேரம் ஆனது!

வழி அடைபட்டது

அது 2–வது உலகப் போர் சமயம். இங்கிலாந்து–ஆஸ்திரேலியா விமானங்கள் சிங்கப்பூர் வழியாகத்தான் போய் வந்துகொண்டிருந்தன. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது. அவ்வளவுதான், பாதை ‘கட்’!

மிச்சம் இருந்தது இந்தியப் பெருங்கடல் ஒன்றுதான். சுமார் 5,600 கிலோ மீட்டருக்கு வெறும் தண்ணீர்.

1943–ல் குவாண்டாஸ் கம்பெனி துணிந்து இறங்கியது. பெர்த்தின் ஸ்வான் நதியில் கிளம்பி, இலங்கையில் காலிக்கு அருகே உள்ள கொக்கல ஏரியில் இறங்கும் சர்வீஸ். ‘கேட்டலினா’ என்ற கடல் விமானம். 2 என்ஜின். வேகம் மணிக்கு 200 கிலோ மீட்டர் சொச்சம்.

விமானம் பூராவும் பெட்ரோல். அதனால் பிரயாணிகள் 3 பேர்தான். கூடவே 69 கிலோ தபால். அதற்கு மேல் மூச்!

பேசினால் ஆபத்து

கிளம்பிய முதல் சில மணி நேரத்தில் ஒரு என்ஜின் படுத்துவிட்டால் கதை முடிந்தது. அந்தப் பாரத்தை இன்னொரு என்ஜின் தாங்காது. எதிரி விமானம் வந்தால் சுட ஒரு துப்பாக்கிகூடக் கிடையாது. ரேடியோவில் பேசினால் ஜப்பான்காரன் காதில் விழுந்துவிடும். ஆகவே வாயைத் திறக்காமல், ராத்திரியில் நட்சத்திரத்தைப் பார்த்தே வழி கண்டுபிடித்தார்கள். வேகா, ரைஜல் என்று நட்சத்திரங்களின் பெயரைத்தான் விமானங்களுக்கும் வைத்திருந்தார்கள்.

காற்று எதிர்த்து அடித்தால் நேரம் இன்னும் கூடும். ஒரு தடவை 32 மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. டவுன் பஸ்சில் 1 மணி நேரம் நின்றாலே நமக்கு இடுப்பு விட்டுப்போகிறது!

இறங்கிய பிரயாணிகளுக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். ‘இரட்டைச் சூரிய உதய ரகசிய சங்க’த்தில் அவர்களும் உறுப்பினராம்!

1945 ஜூலையில் சர்வீஸ் நின்றது. அதுவரை 271 தடவை கடலைக் கடந்திருந்தார்கள். ஒரு உயிர்கூடப் போகவில்லை.

விமானங்களுக்குத்தான் அந்தக் கொடுப்பினை இல்லை. போர்க்கால ஒப்பந்தத்தில் வந்தவை என்பதால், போர் முடிந்ததும் அவற்றைக் கடலில் கொண்டுபோய் மூழ்கடித்துவிட்டார்கள்.