கார் ஏ.சி. நின்றுவிட்டதா? உள்ளே இருக்கும் கம்ப்யூட்டரைக் கேளுங்கள்

கம்ப்யூட்டரில் சத்தம் வரவில்லை என்றால் ஸ்பீக்கர் ஒயர் சொருகியிருக்கிறதா, மியூட் ஆகியிருக்கிறதா என்று முதலில் பார்க்கிறோம். கார் ஏ.சி. விஷயத்தில் மட்டும் ஏனோ இந்தப் பொறுமை நமக்கு வருவதில்லை. "கேஸ் போயிருக்கும், நிரப்பிவிடுங்கள்" என்று நாமே மெக்கானிக்கிடம் சொல்லிவிடுகிறோம்.

பெரும்பாலான கார்களில் இன்று ஏ.சி. பட்டனை அழுத்தியவுடன் கம்ப்ரஸர் நேரடியாக ஓடுவதில்லை. அந்தப் பட்டன் ஒரு கோரிக்கையைத்தான் அனுப்புகிறது. ஈ.சி.யூ. எனப்படும் காரின் கம்ப்யூட்டர், ஏ.சி. குழாயின் அழுத்தம், இன்ஜின் சூடு, ஆக்ஸிலேட்டர் மிதிக்கப்பட்டிருக்கும் அளவு ஆகியவற்றைப் பார்க்கிறது. எல்லாம் சரியாக இருந்தால்தான் ரிலேவுக்கு உத்தரவு போகும். கேஸ் குறைந்து அழுத்தம் சுமார் 2 பாருக்குக் கீழே போனால் அனுமதி கிடையாது. கம்ப்ரஸருக்கு ஆயிலைச் சுமந்து வருவதே அந்தக் கேஸ்தான். அது இல்லாமல் ஓடினால் கம்ப்ரஸர் இறுகிவிடும். அழுத்தம் 30 பாரை நெருங்கினாலும் இதே கதைதான்.

சென்ற மே மாதம் என் சித்தப்பாவின் காரில் இதுதான் நடந்தது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் கம்ப்ரஸரையே மாற்ற வேண்டும் என்று சொல்லி, பெரிய தொகை கேட்டிருந்தார்கள். "நீ கம்ப்யூட்டர் ஆளாச்சேப்பா, கொஞ்சம் பாரேன்" என்றார். நான் எழுதுவதோ பேங்க் சாஃப்ட்வேர். ஆனாலும் போனேன்.

நல்ல துப்பு ஒன்றை அவரே கொடுத்தார். தாம்பரம் தாண்டி வேகமாகப் போகும்போது குளிர்கிறதாம். சிக்னலில் நின்றால் அனல் காற்று. கம்ப்ரஸர் போயிருந்தால் ஓடும்போதும் குளிராது அல்லவா? புளோயர் காற்று பலமாக வந்ததால் கேபின் ஃபில்டர் அடைப்பும் இல்லை.

போனட்டைத் திறந்து, இன்ஜினை ஐடிலில் விட்டு ஏ.சி.யைப் போட்டேன். 'டக்' என்ற சத்தத்துடன் கம்ப்ரஸர் கிளட்ச் பிடித்தது. (கிளட்ச் இல்லாத கம்ப்ரஸர் உள்ள கார்களில் இந்தச் சத்தம் கேட்காது.) கொஞ்ச நேரத்தில் விட்டுவிட்டது. ஆனால் ரேடியேட்டர் ஃபேன் அசையவே இல்லை. அந்தக் காரில் ஏ.சி. போட்டாலே அது சுழல வேண்டும். கார் ஓடும்போது எதிர்க்காற்று கண்டென்சரைக் குளிர்விக்கும். நின்றால் ஃபேன்தான் கதி. அது இல்லாததால் அழுத்தம் ஏறியது, ஈ.சி.யூ. கம்ப்ரஸரை நிறுத்தியது. கம்ப்யூட்டர் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது!

சாவியை எடுத்துவிட்டு ஃபியூஸ் பாக்ஸைத் திறந்தேன். ஃபேன் ரிலேயும் ஹாரன் ரிலேயும் ஒரே எண் கொண்டவை. இரண்டையும் இடம் மாற்றிச் சொருகினேன். ஃபேன் சுழன்றது, ஹாரன் ஊமையானது. செலவு ஒரு புது ரிலேதான். எண் ஒன்றாக இல்லாவிட்டால் இப்படி மாற்றாதீர்கள். இன்ஜின் நின்றிருந்தாலும் ஃபேன் திடீரென்று சுழலலாம். கையை அருகில் கொண்டுபோக வேண்டாம்.

எல்லாக் காரும் இவ்வளவு சுலபமாக மாட்டாது. கிளட்ச் பிடிக்கவே இல்லை என்றால் கேஸ் குறைவாக இருக்கலாம். கேஸ் பெட்ரோல் போல எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றுகிறது. குறைந்தால் பெரும்பாலும் எங்கோ கசிகிறது. கசிவை அடைக்காமல் நிரப்பினால் திரும்பவும் போய் நிற்க வேண்டியதுதான். குழாயை மட்டும் நீங்கள் கழற்றாதீர்கள். ஆர்-134ஏ கேஸின் கொதிநிலை மைனஸ் 26 டிகிரி. கையில் பட்டால் தோல் உறைந்துவிடும்.

மெக்கானிக்கிடம் போகுமுன் ஒரு சோதனை பாக்கி. பாரத் ஸ்டேஜ் 4 கார்களில் 2013 ஏப்ரலுக்குப் பின் வந்தவை என்றால் ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் கொண்ட ஓ.பி.டி. சாக்கெட் இருக்கும். ஈ.எல்.எம்.327 வகை புளூடூத் அடாப்டரைச் சொருகி, மொபைலில் அதற்கான ஆப் மூலம் கோடுகளைப் படிக்கலாம். பி0532 என்றால் அழுத்த சென்சாரின் சிக்னல் குறைவு; பி0645 என்றால் கிளட்ச் ரிலே சர்க்யூட். கோடு எதுவும் வராவிட்டால் பழுதே இல்லை என்று நினைக்க வேண்டாம்; சித்தப்பா காரிலும் வரவில்லை. வந்தால் எண்ணை ஒரு தாளில் குறித்துக்கொண்டு போங்கள். ஆப்பில் உள்ள 'அழி' பட்டனை அதற்கு முன் தொடாதீர்கள்.