முதல் எழுத்தை எழுதத் தெரியாத நொதி

நம் உடலின் ஒரு செல் இரண்டாகப் பிரிவதற்கு முன், தன்னிடமுள்ள டிஎன்ஏ முழுவதையும் ஒரு முறை நகலெடுத்தாக வேண்டும். ஏறத்தாழ 600 கோடி எழுத்து இணைகள். எழுத்துகள் என்னவோ நான்குதான்: அடினின், தைமின், குவானின், சைட்டோசின். அடினினுக்கு எதிரே தைமின், குவானினுக்கு எதிரே சைட்டோசின். விதி அவ்வளவே. இரட்டை இழையைப் பிரித்துவிட்டால், தனக்கு எதிரே என்ன வர வேண்டும் என்பதை ஒவ்வோர் இழையும் தானே காட்டிவிடும். ஆகவே நகல் முடிந்ததும் கிடைக்கும் இரண்டு டிஎன்ஏக்களிலும் ஓர் இழை பழையது, ஓர் இழை புதியது. கனமான நைட்ரஜனில் வளர்த்த பாக்டீரியாவை வைத்து மெசல்சனும் ஸ்டாலும் 1958இல் இதை நிரூபித்தார்கள்.

எழுத்துகளைக் கோக்கும் வேலை டிஎன்ஏ பாலிமரேஸ் என்ற நொதியினுடையது. இந்த வகை நொதியை முதலில் பிரித்தெடுத்த ஆர்தர் கார்ன்பெர்க்குக்கு 1959இல் நோபல் பரிசு கிடைத்தது. கெட்டிக்கார நொதிதான். தப்பான எழுத்தைச் சேர்த்துவிட்டால் ஓர் அடி பின்வாங்கி, அதை வெட்டியெறிந்துவிட்டுச் சரியானதைப் போடும். அதையும் மீறித் தப்பும் பிழைகளைத் திருத்த வேறு நொதிகள் பின்னால் வருகின்றன. எல்லாம் முடிந்தபின் எஞ்சுவது சுமார் 100 கோடி எழுத்துக்கு ஒரு பிழை.

ஆனால் இந்த நொதிக்கு ஒரு விசித்திரமான குறை உண்டு. அதனால் எதையும் தொடங்க முடியாது. யாராவது நாலு பூவைக் கட்டிக் கொடுத்தால் அதிலிருந்து எத்தனை முழம் வேண்டுமானாலும் கட்டும், முதல் முடிச்சு மட்டும் போட வராது. செல்லுக்குள் அந்த முடிச்சைப் போட்டுத் தர பிரைமேஸ் என்று தனி நொதி இருக்கிறது. அது ஆர்என்ஏவால் ஆன ஒரு சிறு துண்டை எழுதிக் கொடுக்கும். அதுதான் பிரைமர். வேலை முடிந்ததும் அது அகற்றப்பட்டு, அந்த இடம் டிஎன்ஏவால் நிரப்பப்படும்.

பாலிமரேஸ் ஒரே திசையில்தான் நகரும் என்பது இன்னொரு தொல்லை. இரண்டு இழைகளோ எதிரெதிர்த் திசையில் ஓடுவதால், ஓர் இழை தொடர்ச்சியாக நகலாக, மற்றது துண்டு துண்டாகத்தான் நகலாகிறது. ஒவ்வொரு துண்டுக்கும் புதிதாக ஒரு பிரைமர் வேண்டும். இந்தத் துண்டுகளுக்கு ஒகசாகி துண்டுகள் என்று பெயர். 1960களில் இவற்றைக் கண்டறிந்த ரெய்ஜி, சுனேகோ ஒகசாகி தம்பதியின் பெயர் அது.

1983இல் கலிஃபோர்னியாவின் சீட்டஸ் நிறுவனத்தில் வேலைபார்த்த கேரி முல்லிஸ், தானாகத் தொடங்க முடியாத அந்தக் குறையைக் கருவியாக்கிவிட்டார். பிரைமர் இல்லாத இடத்தில் நொதி தொடங்காது என்றால், பிரைமரை நாம் எங்கே ஒட்டுகிறோமோ அங்கே மட்டும்தான் நகல் நடக்கும். தேவையான பகுதியின் இரு ஓரங்களுக்கும் பொருந்தும்படி, இருபது எழுத்து அளவில் இரண்டு பிரைமர்களைச் செயற்கையாகச் செய்தால் போதும். 95 டிகிரி செல்சியஸ் சூட்டில் இழைகள் பிரியும். சூட்டைக் குறைத்தால் பிரைமர்கள் ஒட்டும். பிறகு நொதி எழுதும். ஒவ்வொரு சுற்றிலும் நகல் இரட்டிப்பாகும். 30 சுற்றில், கணக்குப்படி, ஒன்று 100 கோடியைத் தாண்டும். இதுதான் பிசிஆர்.

தொடக்கத்தில் ஒவ்வொரு சுற்றின் சூட்டிலும் நொதி செத்துப்போக, திரும்பத் திரும்பப் புதிதாக ஊற்ற வேண்டியிருந்தது. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றுகளில் தாமஸ் பிராக் 1960களில் கண்டெடுத்திருந்த பாக்டீரியாவின் நொதி அந்தச் சிக்கலைத் தீர்த்தது. கொதிநிலையை நெருங்கும் சூட்டையும் தாங்கும் டாக் பாலிமரேஸ் அது. ஒரே குறை, தன் பிழையைத் தானே திருத்தத் தெரியாது.

கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்த மாதிரியில் நடந்ததும் இதே வேலைதான். வைரஸின் மரபுப் பொருள் ஆர்என்ஏ என்பதால் முதலில் அதை டிஎன்ஏவாக மாற்றிக்கொண்டார்கள். அறிக்கையில் வந்த சிடி மதிப்பு, நகல்கள் கருவிக்குத் தெரியுமளவுக்குப் பெருக எத்தனை சுற்று ஆயிற்று என்ற எண். அதனால்தான் எண் குறைந்தால் வைரஸ் அதிகம். பத்து சுற்று வித்தியாசம் என்றால் சுமார் ஆயிரம் மடங்கு.

பிரைமர்களுக்கு நடுவே ஒட்டி ஒளிகாட்டும் இன்னொரு சிறு துண்டையும் பல சோதனைகளில் சேர்ப்பார்கள். ஆல்பா வகை வைரஸின் ஸ்பைக் மரபணுவில், ஒரு சோதனையின் அந்தத் துண்டு ஒட்ட வேண்டிய இடத்தில் ஆறு எழுத்துகள் காணாமல் போயிருந்தன. மற்ற மரபணுக்கள் இருப்பதாகக் காட்டிய மாதிரிகளில் ஸ்பைக் மட்டும் காட்டவில்லை. முழு வரிசையைப் படித்துப் பார்க்கும் முன்பே, புதிய வகை எங்கெங்கே பரவுகிறது என்பதைக் கணிக்க அந்த வெற்றிடமே பிரிட்டனில் உதவியது.