பைபாஸ் சத்திரசிகிச்சை நோயின் முடிவல்ல

பைபாஸ் சத்திரசிகிச்சை என்பது இன்று எம்மவர் மத்தியில் புதிய சொல்லல்ல. ஆயினும், அது எதைச் சாதிக்கின்றது, எதைச் சாதிப்பதில்லை என்ற தெளிவு போதியளவு இல்லை என்பதைச் சுட்டிக்காட்ட வேண்டியுள்ளது.

இருதயத் தசைக்குக் குருதியை வழங்கும் முடியுரு நாடிகளில் கொழுப்புப் படிந்து அடைப்பு ஏற்படும்போது, காலிலிருந்து பெறப்படும் நாளத்தையோ நெஞ்சின் உட்புற நாடியையோ பொருத்திக் குருதிக்கு மாற்றுப் பாதை அமைப்பதே இச்சிகிச்சையாகும். ஆர்ஜென்டீனாவைச் சேர்ந்த வைத்தியர் ரெனே ஃபவலோரோ, 1967 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் கால் நாளத்தைக் கொண்டு மேற்கொண்ட சத்திரசிகிச்சைகளே இம்முறை உலகெங்கும் பரவ வழிவகுத்தன.

இதன் பயன் ஐயத்திற்கு இடமற்றது. நெஞ்சுவலி தணிகின்றது, பலருக்கு ஆயுளும் நீடிக்கின்றது. பல நாடிகளில் அடைப்புள்ள நீரிழிவு நோயாளர்களிடையே நடத்தப்பட்டு 2012 இல் வெளியான 'ஃபிரீடம்' ஆய்வில், ஐந்தாண்டுகளில் ஸ்டென்ட் பொருத்தப்பட்டோரில் 16.3 சதவீதத்தினர் உயிரிழக்க, பைபாஸ் செய்யப்பட்டோரில் அது 10.9 சதவீதமாக இருந்தது. அதேவேளை, பாரிசவாதம் ஸ்டென்ட் பொருத்தப்பட்டோரில் 2.4 சதவீதமாகவும் பைபாஸ் செய்யப்பட்டோரில் 5.2 சதவீதமாகவும் காணப்பட்டது. நெஞ்செலும்புக் காயத்தில் கிருமித்தொற்று, இருதயத் துடிப்பு ஒழுங்கீனம், சிறுநீரகப் பாதிப்பு என்பனவும் ஏற்படக்கூடும்.

இவற்றினும் பெரிய சவால் வீடு திரும்பிய பின்னரே ஆரம்பமாகின்றது. பொருத்தப்பட்ட நெஞ்சு நாடிகளில் பத்தில் ஒன்பது, பத்தாண்டுகளின் பின்னரும் திறந்திருக்கின்றன. கால் நாளங்களிலோ ஏறத்தாழ அரைவாசி அக்காலத்தினுள் அடைபட்டு விடுகின்றன. பாதை புதிதாயினும் நோய் பழையதே என்பதே இதன் பொருள்.

எனவே, வலி நின்றுவிட்டதென எண்ணி அஸ்பிரினையும் கொலஸ்திரோல் மாத்திரையையும் தாமாகவே நிறுத்துவதும், மீண்டும் புகைப்பதும் பெரும் ஆபத்தை விலைக்கு வாங்குவதாகும். நோன்பு, விரத காலங்களில் மருந்து வேளைகளை மாற்றுவதாயின் வைத்தியரின் ஆலோசனையைப் பெற்றே மாற்ற வேண்டும். இதில் குடும்பத்தாரின் கண்காணிப்பு மிக அவசியமானது.

அரசுக்கும் கடமையுண்டு. அரச வைத்தியசாலைகளில் இச்சிகிச்சைக்காக நோயாளர்கள் நீண்டகாலம் காத்திருக்க நேர்வது பழைய குறையாகும். சத்திரசிகிச்சை நிபுணர்கள், தாதியர், தீவிர சிகிச்சைப் பிரிவின் கட்டில்கள் ஆகியவற்றை அதிகரிப்பதோடு, சிகிச்சைக்குப் பின்னரான தொடர் கண்காணிப்பைப் பிரதேச வைத்தியசாலைகள் வரை விரிவுபடுத்தவும் வேண்டும்.

சத்திரசிகிச்சை நிபுணர் தருவது கால அவகாசமே. அதனை ஆயுளாக மாற்றுவது நோயாளரின் ஒழுக்கத்திலும் சுகாதாரத் துறையின் அக்கறையிலுமே தங்கியுள்ளது என்பதை நாம் வலியுறுத்த விரும்புகின்றோம்.