வெயில் வரவு – 9: இஸ்திரி வண்டியின் கூரை

கிணற்று மோட்டாரையும் இலவச மின்சாரத்தையும் பற்றிச் சென்ற வாரங்களில் எழுதிவிட்டு இப்போது இஸ்திரி வண்டிக்கு இறங்கிவிட்டாரே என்று வாசகர்களில் சிலர் நினைக்கக்கூடும். ஆயினும், சக்தியைச் சிக்கனமாகச் செலவிடுவது என்றால் என்ன, சூரியனைக்கொண்டு ஆகக்கூடிய காரியம் எது, எளிதில் ஆகாத காரியம் எது என்னும் கேள்விகளை ஒரே இடத்தில் நிறுத்தி ஆராய்வதற்கு, திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குப் போகும் சாலையில், எங்கள் கீழ்பென்னாத்தூரில், வேப்பமரத்தடியில் நிற்கும் அந்தத் தள்ளுவண்டியைவிட வசதியான வஸ்து எனக்குத் தென்படவில்லை.

வண்டிக்காரரின் நாள் கரியோடு தொடங்குகிறது. கொட்டாங்குச்சியில் நெருப்பு மூட்டி, அதன்மேல் கரியைப் பரப்பி, விசிறியால் வீசி, கங்கு சிவந்து பெட்டி சூடேறுகிற வரையில் அவர் ஒரு துணியையும் தொடுவதில்லை. சூடேறிய பிறகோ, தேய்க்கத் துணி இருந்தாலும் இல்லாவிட்டாலும் கங்கு எரிந்துகொண்டேதான் இருக்கும். பக்கவாட்டிலும் மூடியிலும் போகிற உஷ்ணம் காற்றுக்கு. அளவுக்கு மிஞ்சிய உஷ்ணத்தை ஆற்றுவதற்கு ஈரத்துணி. சாம்பல் மூடிப்போனால் மறுபடியும் விசிறி. ஒரு கிலோ நல்ல கரியில் ஏறக்குறைய 8 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான உஷ்ணம் இருக்கிறது. நாளைக்கு 5 கிலோ கரி எரிப்பவர் 40 யூனிட்டை எரிக்கிறார் என்று கொள்ளலாம். அதே வேலையை, சூடு தேவையான அளவுக்கு வந்தவுடன் தானாகவே அணைந்து, தணிந்தவுடன் தானாகவே எரியும் 1000 வாட் மின்சாரப் பெட்டியிடம் ஒப்படைத்தால், ஆறு மணி நேரத்துக்கு அது சுமார் 3 யூனிட்டுக்கு மேல் கேட்பதில்லை. மீதி 37 யூனிட் எதற்காக எரிந்தது என்று கேட்டால், தெருவைச் சூடேற்றுவதற்காக என்பதைத் தவிர வேறு பதில் இல்லை.

இந்த விரயம் வண்டியில் ஆரம்பமாவதும் அல்ல. இராமநாதபுரம் பக்கத்துக் கரிமூட்டங்களில் சீமைக் கருவேலத்தை (எங்கள் பக்கத்தில் வேலிகாத்தான் என்போம்) அடுக்கி, மண்பூசி, உள்ளே புழுங்க விட்டு எடுக்கும் கரியில் ஒரு கிலோவுக்கு நாலு, ஐந்து கிலோ விறகு கரைந்துபோகிறது. அதற்கும் மேலாக, கங்கிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடு என்னும் மணமற்ற விஷவாயு, நாள் முழுவதும் பெட்டியின்மேல் குனிந்து நிற்கும் மனிதனின் சுவாசத்தில்தான் முதலில் கலக்கிறது.

இவ்வளவையும், எரிந்து முடிந்த கரியைத் தெருவோரத்தில் கொட்டும் ஓர் இஸ்திரிக்காரரைப் பள்ளிக்கூடத்திலிருந்து வீடு திரும்பும் வழியில் பார்த்தே ஒரு சிறுமி ஊகித்துக்கொண்டாள் என்பதுதான் நம் ஜில்லாவுக்குக் கிடைத்த பெருமை. திருவண்ணாமலை வினிஷா உமாசங்கர், வண்டியின் கூரையாகவே சூரியப் பலகைகளை அமைத்து, அவற்றின் மின்சாரத்தைப் பேட்டரியில் சேர்த்து, நீராவி இஸ்திரிப் பெட்டியை இயக்கும் ஒரு வண்டியை வடிவமைத்தாள். ஐந்து மணி நேர வெயில் ஆறு மணி நேரத் தேய்ப்புக்குப் போதும் என்பது அவ்வடிவமைப்பின் கணக்கு. வெயில் இல்லாத நாளில் வீட்டு மின்சாரத்தாலும் பேட்டரியை நிரப்பிக்கொள்ளலாம். வண்டிக்காரருக்கு உபரி வருமானமாக, போவோர் வருவோரின் கைபேசிக்குச் சார்ஜ் ஏற்றிக்கொடுக்கவும் இடம் வைத்திருந்தாள். 2020இல் ஸ்வீடனில் வழங்கப்படும் குழந்தைகளுக்கான பருவநிலைப் பரிசு அவளுக்குக் கிடைத்தது. 2021இல் சுற்றுச்சூழலுக்கான எர்த்ஷாட் பரிசின் இறுதிச் சுற்றுக்கு வந்தவர்களில் ஒருத்தியாக, கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் உலகத் தலைவர்களுக்கு முன்னால் பேசினாள்.

பத்திரிகைகள் அந்தப் பேச்சைப் புகழ்ந்த அளவுக்கு அந்த வண்டியை ஆராயவில்லை என்பது என் அபிப்பிராயம். ஆராய வேண்டிய விஷயத்தை எனக்கு எடுத்துக் காட்டியவர் எங்கள் ஊர் வண்டிக்காரரே. அந்தச் சூரிய வண்டியின் படத்தைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி இது:

"ஐயா, வண்டிய வெயில்ல வுட்டா பலகைக்கு வெயிலு கெடைக்கும், சரி. எனக்கு நெழலு எங்க கெடைக்கும்?"

இது வெறும் குதர்க்கமன்று. தமிழ்நாட்டில் இஸ்திரி வண்டி எங்கே நிற்கிறது என்று கவனித்தால், வேம்போ புங்கமோ தூங்குமூஞ்சியோ, ஏதாவது ஒரு மரத்தின் அடியில்தான் நிற்கிறது. சூடான பெட்டியைப் பிடித்துக்கொண்டு சித்திரை வெயிலில் நிற்பது மனித சரீரத்தால் ஆகிற காரியமல்ல. பலகைக்கோ மரநிழல் பகை; மூலையில் விழும் ஒரு கிளையின் நிழல்கூட அதன் உற்பத்தியை வெகுவாகக் குறைத்துவிடும். இதில் இன்னொரு விசித்திரமும் உண்டு. சூரியப் பலகை விரும்புவது வெளிச்சத்தைத்தான், உஷ்ணத்தை அல்ல. 25 டிகிரிக்கு மேலே ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் நூற்றில் அரைப் பங்குக்குச் சற்றுக் குறைய அதன் திறன் இறங்குவதால், அக்கினி நட்சத்திரத்தில் பலகை 65 டிகிரிக்குக் காயும்போது ஏழில் ஒரு பங்கு மின்சாரம் காணாமற்போகிறது. ஆகவே, கூரை வெயிலில் நிற்பது பேட்டரி நிரம்பும் வரைக்கும்தான், தேய்ப்பு நடப்பது மரத்தடியில்தான் என்று இரண்டையும் பிரிக்க வேண்டியிருக்கிறது. அப்படிப் பிரிப்பதானால், பலகையை வண்டியின்மேல் சுமப்பதைக் காட்டிலும் வண்டிக்காரரின் வீட்டு மாடியில் பதித்துவிட்டு, நிரம்பிய பேட்டரியை மட்டும் காலையில் எடுத்து வருவது உத்தமம் என்று எனக்குத் தோன்றுகிறது. பழைய ஈயப் பேட்டரியானால், ஒரு யூனிட் கொள்ளுகிற ஒன்றே முப்பது கிலோ வரையில் கனக்கும். லித்தியம் பேட்டரி அதில் பாதிகூட இராது.

கணக்கை மறுபடியும் பார்ப்போம். வண்டிக்கூரை அளவான 2 சதுர மீட்டர் பலகை, நல்ல வெயில் நாளில், எல்லா நஷ்டமும் போக ஒன்றரை முதல் இரண்டு யூனிட் தரும். 40 யூனிட் விழுங்கும் கரிப்பெட்டிக்கு அது எந்த மூலைக்கு? பெட்டி மாறி, தேவை 3 யூனிட்டுக்கும் கீழே இறங்கிய பிறகுதான் சூரியன் அந்த வண்டிக்கு உதவ முடிகிறது. கூரையைப் பார்த்து எல்லோரும் வியக்கிறார்கள்; விரயத்தை ஒழித்தது கூரையின் அடியில் இருக்கும் பெட்டி.

மின்சாரத்தை உஷ்ணமாக்குவதே ஆடம்பரம் என்று சொல்லும் எஞ்சினீயர்களும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. பலகைமேல் விழும் வெயிலில் ஐந்தில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. கண்ணாடியால் குவித்து நேராக உஷ்ணமாகவே பிடித்தால் பாதிக்கு மேலும் கைக்கு வரும். இதே செஞ்சிச் சாலையில் கிழக்கே போய்ச் சேரக்கூடிய ஆரோவில்லில், 1997இல் தொடங்கிய பொதுச் சமையற்கூடத்தின் மாடியில் 15 மீட்டர் விட்டமுள்ள கண்ணாடிக் கிண்ணம் வெயிலைக் குவித்து நீராவி எழுப்பியது. திருமலையில் 2002இல் 106 குவி தட்டுகளைக்கொண்டு அன்னதானச் சமையலுக்கு நீராவி எடுத்தார்கள். ஆனால் அண்டாவுக்கு ஏற்ற யுக்தி, தெருத்தெருவாக நகரும் பெட்டிக்கு ஏற்பதில்லை. நகர்கிற வேலைக்கு மின்சாரமே துணை.

இஸ்திரிக்கு முந்திய வேலையான துணி உலர்த்துவதை யாரும் சூரிய சக்தி என்று சொல்வதில்லை. ஒரு குடும்பத்தின் ஒரு நாள் துவைப்பைப் பிழிந்து போட்ட பிறகும் அதில் 4, 5 கிலோ தண்ணீர் தங்கியிருக்கும். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க மூன்றில் இரண்டு பங்கு யூனிட் வேண்டும். ஆகவே கொல்லைப்புறத்துக் கொடி ஒன்று, வெயிலும் காற்றுமாக, ஒரு வீட்டுக்குச் செய்து கொடுப்பது, இஸ்திரிக்காரரின் மின்சாரப் பெட்டி நாள் முழுவதும் செலவிடுவதற்கு ஏறத்தாழச் சமம்! அமெரிக்காவில் பார்வைக்கு அழகில்லை என்று கொடி கட்டுவதைத் தடுக்கும் குடியிருப்புகள் இருக்கின்றன; அந்தத் தடையை எதிர்த்து, துணி காயப்போடும் உரிமைக்காகவே புளோரிடா, வெர்மாண்ட் முதலிய மாகாணங்கள் சட்டம் செய்ய நேர்ந்தது. சென்னையின் புதிய அடுக்குமாடிகளிலும் பால்கனியில் துணி தொங்கக்கூடாது என்ற விதியைப் பார்க்கிறேன்.

இனி, ஐப்பசி கார்த்திகை. துணி சரியாகக் காயாமல் ஈரத்தோடு வண்டிக்கு வருவதும், அதனால் பெட்டிக்கு அதிக உஷ்ணம் வேண்டியிருப்பதும், பலகையில் மேகம் கவிவதும் ஒரே மாதங்களில்தான் நேர்கின்றன. அந்நாட்களில் வண்டி மின்கம்பியை நம்பித்தான் ஆகவேண்டும், அதில் குறையொன்றுமில்லை.

குறை இருப்பது வேறிடத்தில். கரிக்கு அவர் அன்றன்றைய வருமானத்திலிருந்து அன்றன்றைக்குக் கொடுக்கிறார். பலகையும் பேட்டரியும் பல வருஷத்துக் கரியின் விலையை முதல் நாளிலேயே கேட்கின்றன. தண்டல்காரரிடம் தினவட்டிக்கு வாங்கி அதைச் செய்யச் சொல்லும் துணிவு எனக்கில்லை. வங்கிக் கடனில் சக்தியை விலைக்கு வாங்கி, அதன் வருமானத்திலிருந்தே கடனை அடைக்க வழி செய்த ஒரு பஞ்சாயத்து நம் மாநிலத்தில் இருக்கிறது: மேட்டுப்பாளையத்துக்கு அருகிலுள்ள ஓடந்துறை, 2006இல் சொந்தமாக 350 கிலோவாட் காற்றாலை வாங்கிய ஊர். அதன் வரவு செலவை அடுத்த வாரம் பார்க்கலாம்.