கூம்பு மலரும் குடிவழியும்

வட அமெரிக்கப் புல்வெளிகளின் இயற்கைச் செல்வங்களுள் ஒன்று 'எக்கினேசியா' எனும் கூம்பு மலர். ஜெர்மானியத் தாவரவியல் அறிஞர் மோன்ச் 1794-இல் இப்பெயரைச் சூட்டினார். 'எக்கினோஸ்' என்னும் கிரேக்கச் சொல் முள்ளெலியைக் குறிக்கும். மலரின் நடுவே சிலிர்த்து நிற்கும் கூம்பைத் தொட்டுப் பார்த்தோர் இப்பெயரின் பொருத்தத்தை உணர்வர். சூரியகாந்திக் குடும்பத்தைச் சார்ந்த இது தனிமலரன்று. சிறுமலர்கள் பலவற்றின் கூட்டமே ஒரு மலரெனத் தோன்றுகிறது.

அந்நாட்டார் தம் இல்லத் தோட்டங்களில் இதன் பல வகைகளை வளர்க்கின்றனர். வேரறிந்து நடுதலே அவர்க்கு முதற்பாடம். ஊதாக் கூம்பு மலருக்கு நார்போன்ற கிளைவேர்கள் உண்டு. ஆதலின் பெயர்த்து நட்டாலும் எளிதில் பிழைக்கும். வெளிர்நிறக் கூம்பு மலரும் மஞ்சள் கூம்பு மலரும் ஆணிவேர் உடையவை. வறட்சியைத் தாங்கும், இடமாற்றத்தைத் தாங்கா. இவ்விரண்டன் விதைகள் சில வாரங்கள் ஈரக்குளிரில் கிடந்த பின்னரே நன்கு முளைக்கும். எனவே, பனிக்காலத்திற்கு முன்பே அவற்றை நிலத்தில் விதைத்துவிடுவர். நிறைந்த வெயிலும் நீர் தேங்காத மண்ணும் எல்லா வகைக்கும் பொதுத்தேவை.

மஞ்சள் வகையை ஊதா வகையோடு கலந்து, செம்மஞ்சள் முதலிய புதுநிறங்களைத் தோற்றுவித்துள்ளனர். இக்கலப்பினச் செடியின் விதையை ஊன்றினால் தாய்ச்செடியின் நிறமே வருமென்று நம்புதற்கில்லை. வேண்டிய நிறத்தைக் காக்க, செடியைப் பகுத்தோ திசு வளர்ப்பினாலோ பெருக்க வேண்டும். அடுக்கிதழ் வகைகளில் நடுச்சிறுமலர்கள் இதழ்களாக மாறிவிடுவதால் தேனீக்குத் தேன் குறையும். கூம்பைக் கொத்தி விதையுண்ணும் பொன்னிறச் சிட்டுக்கும் உணவு குறையும்.

டென்னசிக் கூம்பு மலரின் வரலாறு இங்கு எண்ணத்தக்கது. நாஷ்வில் நகரை அடுத்த சுண்ணாம்புப் பாறைத் திடல்களில் மட்டுமே இயல்பாக வளர்வது அது. அற்றுப்போனதெனக் கருதப்பட்டு, 1960-களில் மீண்டும் கண்டறியப்பட்டது. 1979-இல் அமெரிக்க அரசு அதனை அழியும் நிலையிலுள்ள இனமாக அறிவித்தது. வாழிடங்களைக் காத்தும் புதிய இடங்களில் வளர்த்தும் பாடுபட்டதன் பயனாக, 2011-இல் அப்பட்டியலிலிருந்து அது நீக்கப்பட்டது. எனினும், ஊதா வகையின் அருகே நட்டால் இரண்டும் எளிதில் கலந்துவிடும். தோட்டத்தில் அக்கலப்பு ஓர் அழகு; காட்டுச்செடிகளின் பக்கத்தில் அதுவே ஓர் இழப்பு.

ஆகவே, பல நிறங்களை விரும்பும் தோட்டக்காரர் ஒரு பாத்தியையேனும் மூல இனத்திற்கு ஒதுக்குதல் நன்று. மலர் வாடியவுடன் கூம்பை வெட்டி எறியாமல் பனிக்காலம் முடியும்வரை விட்டுவைத்தல் அதனினும் நன்று. புதுமையைத் தேடுவோர் மூலத்தைக் காவாவிடின், நாளைய புதுமைக்கு வித்து ஏது?