ஆயுதப் பெட்டியின் ஆறு இலாச்சிகள்

ஊவாவின் தேயிலைத் தோட்டங்களிலே நவராத்திரியின் ஒன்பதாம் நாளுக்கு ஒரு தனி மணம் உண்டு. வாடும் கொழுந்தின் மணமும் எந்திர எண்ணெயின் மணமும் அங்கு நாள்தோறும் உள்ளவை. அன்றைக்கு அவற்றோடு சந்தனமும் சாம்பிராணியும் வந்து கலந்துவிடும். தோட்டத்து மக்கள் ‘ஸ்டோர்’ என்று வழங்கும் தொழிற்சாலையிலே எந்திரங்கள் துடைக்கப்பெற்றுப் பொட்டிடப்படும். கவ்வாத்துக் கத்தியும் மண்வெட்டியும் அலவாங்கும் வரிசையில் வந்து அமரும். சூலை முதல் செப்டெம்பர் வரை வறண்ட காற்று வீசும் காலமே ஊவாத் தேயிலைக்குப் பெயர் வாங்கித் தரும் பருவமாகும். அப்பருவத்தின் ஓட்டம் ஓய்ந்து, ஐப்பசி மழை இறங்குவதற்குமுன் வரும் இடைவெளியிலே ஆயுத பூசை அமைந்தது நல்ல பொருத்தம் என்றே எனக்குத் தோன்றுவதுண்டு. ஆண்டில் ஒரு நாளாவது எல்லாக் கருவிகளும் வெளியே எடுக்கப்பட்டு எண்ணப்படுகின்றன அல்லவா?

என் தந்தையார் பதுளைப் பகுதித் தோட்டம் ஒன்றின் தொழிற்சாலையிலே பிட்டராக இருந்தவர். எந்திரங்களைக் கழற்றிப் பூட்டுவதும் பழுது பார்ப்பதும் அவர் பணி. எல்லோரும் அவரை ‘பாஸ்’ என்றே அழைப்பர். ஒல்லாந்தர் மொழியில் ‘எசமான்’ என்று பொருள்படும் சொல் அது. இந்நாட்டில் தச்சருக்கும் மேசனுக்கும் உரிய மரியாதைப் பெயராகிவிட்டது. அவருடைய ஆயுதப் பெட்டி பலா மரத்தால் ஆனது. ஆறு இலாச்சிகள் உடையது. இலாச்சிகளின் அடித்தட்டுகள் மட்டும் பழைய தேயிலைப் பெட்டிகளின் ஒட்டுப்பலகை. தேயிலை மரப்பெட்டிகளில் கப்பலேறிய காலத்தில் எஞ்சிய பலகைகளை அவர் சேர்த்து வைத்திருந்தார்.

தந்தையார் காலமான பின்னர் அப்பெட்டி பதுளையிலுள்ள என் வீட்டுக்கு வந்தது. சில ஆண்டுகள் அதன்மேல் விடைத்தாள் கட்டுகளை அடுக்கி வைத்திருந்தேன். பின்பு ஒரு விடுமுறையில், அதனை ‘ஒழுங்குபடுத்துவோம்’ என்ற நல்லெண்ணம் எனக்கு உதித்தது. அந்த நல்லெண்ணத்தால் நான் செய்த பிழையே இக்கட்டுரைக்குக் காரணம்.

கல்லூரியில் படிப்பிப்பவனுக்கு ஒழுங்கு என்றால் நூல்நிலைய ஒழுங்குதான். ஓரினப் பொருள்கள் ஓரிடத்தில் இருக்க வேண்டும். சிறியது முன்னும் பெரியது பின்னுமாக நிற்க வேண்டும். ஒரே நூலுக்கு இரு பிரதிகள் இருந்தால் ஒன்றை விலக்கிவிட வேண்டும். அவ்வாறே செய்தேன். மூன்று இலாச்சிகளில் சிதறிக் கிடந்த ஸ்பானர்களை ஒன்று திரட்டி, நீள வரிசையில் அடுக்கினேன். சுத்தியல்கள் ஓரிடம், திருப்புளிகள் ஓரிடம், அரங்கள் எல்லாம் ஒரு கட்டு. ஒரே அளவான சிறு சுத்தியல்கள் இரண்டு வெவ்வேறு இலாச்சிகளில் இருக்கக் கண்டு, தந்தையாரின் மறதியை எண்ணிச் சிரித்துக்கொண்டு ஒன்றை அயல்வீட்டாருக்குக் கொடுத்துவிட்டேன். ஒரு ஸ்பானரில் 1/2 என்று பொறித்திருந்தது. அதன் வாயை அடிமட்டத்தால் அளந்தேன். முக்கால் அங்குலத்திற்கும் மேலாக, ஓர் அங்குலத்தை நெருங்கி இருந்தது. செய்தவன் தவறாகப் பொறித்துவிட்டான் என்று முடிவு கட்டினேன்!

தவறு பொறித்தவனுடையதன்று. 1841 ஆம் ஆண்டிலே ஆங்கிலேயப் பொறியியலாளர் யோசேப் விட்வேர்த் என்பவர் திருகுப்புரிகளுக்கு ஒரு பொது அளவு வகுத்தார். அதற்கு முன் ஒரு பட்டறையின் நட்டு மற்றொரு பட்டறையின் போல்ட்டில் ஏறுவது தெய்வச் செயல். விட்வேர்த் முறையில் ஸ்பானரிலே பொறிக்கப்படும் எண் அதன் வாயின் அகலத்தைக் குறிப்பதன்று. அது பிடிக்கவேண்டிய போல்ட்டின் தண்டு எவ்வளவு தடிப்பு என்பதையே குறிக்கும். அரை அங்குலப் போல்ட்டின் தலை 0.92 அங்குல அகலம். ஆகவே ‘1/2’ என்ற ஸ்பானரின் வாயும் அவ்வளவு இருந்தே தீரும். மெட்றிக் ஸ்பானரிலோ 14 என்றிருந்தால் வாயின் அகலமே 14 மில்லிமீற்றர். இரு மொழிகள், எண் வடிவம் ஒன்று, பொருள் வேறு.

ஊவாத் தொழிற்சாலைகளில் இவ்விரு மொழிகளும் ஒரே கூரையின்கீழ் வழங்குகின்றன. உலர்த்தும் எந்திரங்கள் பெல்பாஸ்ற் நகரத்து டேவிட்சன் கம்பனியின் ‘சிறோக்கோ’ வகையினவாகவும், கொழுந்தை உருட்டும் ரோலர்கள் இங்கிலாந்தின் கெயின்ஸ்பறோ நகரத்து மார்ஷல் கம்பனியின் ‘ஜக்சன்’ வகையினவாகவும் மலையேறி வந்த காலம் ஒன்று. பதுளை வரை புகையிரதம் எட்டியதே 1924 ஆம் ஆண்டில்தான். அதற்கு முன்பே இங்கு தொழிற்சாலைகள் இருந்தன. அக்காலத்து எந்திரங்களிற் சில இன்றும் ஓய்வு பெறாமல் உழைக்கின்றன. அவற்றின் புரிகளெல்லாம் விட்வேர்த். பின்னர் வந்த மின் மோட்டார்களும் புதிய எந்திரங்களும் மெட்றிக். பிட்டர் இரண்டும் அறிந்தவராக இருந்தால் மட்டும் போதாது. அவருடைய பெட்டியும் இரண்டையும் பிரித்தறிய வேண்டும்.

பிரித்தறியாவிட்டால் வருவது என்ன? எனக்குப் பத்துப் பதினொரு வயதிருக்கும்போது நடந்தது ஒன்று இன்றும் கண்முன் நிற்கிறது. ஆகஸ்ட் மாதம், பருவம் உச்சத்தில் இருந்தது. தந்தையார் உறவினர் வீட்டுக் கருமத்திற்காகப் பசறைக்குப் போயிருந்தார். இரவு ரோலர் ஒன்றின் பற்சக்கர மூடிக்குள் ஏதோ ஓசை. மூடியைக் கழற்ற வேண்டும். தந்தையாரின் பெட்டி பூட்டியிருந்தது. உதவியாளர் பொதுப் பெட்டியைத் திறந்தார். எல்லா ஸ்பானர்களும் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடக்கும் பெட்டி அது. மூடியில் இருந்தவை கால் அங்குல விட்வேர்த் போல்ட்டுகள்; தலையின் அகலம் 0.525 அங்குலம், அதாவது 13.3 மில்லிமீற்றர். 13 ஆம் எண் ஸ்பானர் அதில் ஏறாது. 14 ஆம் எண் ஏறும், ஆனால் நெகிழும். அரை வெளிச்சத்திலே கைக்கு அகப்பட்டது 14. ‘ஏறிவிட்டதே’ என்று அவர் பலங்கொண்ட மட்டும் திருகினார். ஒரு போல்ட்டின் ஆறு மூலைகளும் மழுங்கின, அடுத்ததிலும் அவ்வாறே. பின்னர் எந்த ஸ்பானரும் அவற்றைப் பிடிக்கவில்லை.

வாடிய கொழுந்து யாருக்காகவும் காத்திருப்பதில்லை. வாட்டு மாடத்திலே அது பன்னிரண்டு மணி நேரத்திற்கும் மேலாகக் கிடந்து பதம் வந்தவுடன் உருட்டப்படவேண்டும். பதம் தவறினால் கொழும்பு ஏலத்திலே சுவைப்பவர் நாக்கு அதனைச் சொல்லிவிடும். 1883 ஆம் ஆண்டு தொடங்கிய அந்த ஏலத்திலே, மலைநாட்டில் விடிய விடிய யார் பாடுபட்டார் என்று கேட்பார் எவருமில்லை. விடியற்காலை வந்து சேர்ந்த தந்தையார் ஒரு வார்த்தையும் பேசாது, மழுங்கிய தலைகளின் இரு பக்கங்களை அரத்தால் தட்டையாக்கி, குறட்டால் இறுகப் பிடித்துக் கழற்றினார். உதவியாளரை அவர் கடிந்துகொள்ளவுமில்லை. ‘ஆள் பிழையில்லை, பெட்டி பிழை’ என்று மட்டும் அம்மாவிடம் பின்னர் சொன்னார்.

இவ்வளவும் அறிந்திருந்தும் நான் அவருடைய பெட்டியை அந்தப் பொதுப் பெட்டியின் உறவாக்கிவிட்டேன் என்பதை, இலாச்சிகளின் அடியில் விரித்திருந்த பழைய பத்திரிகைத் தாள்களை மாற்றப் போனபோதே உணர்ந்தேன். தாளை உயர்த்தினால், கீழே ஒட்டுப்பலகை முழுவதும் பென்சிற் கோடுகள்! ஒவ்வொரு கருவியையும் பலகையின்மேல் வைத்து அதன் உருவத்தைச் சுற்றி வரைந்திருந்தார். உள்ளே அவருடைய கையெழுத்தில் அளவு. ஓரத்தில் வேலையின் பெயர்.

அக்கோடுகளைப் படித்தபோதுதான் அவருடைய ஒழுங்கு விளங்கிற்று. அவர் கருவிகளை இனம் பார்த்துப் பிரிக்கவில்லை. வேலை பார்த்துப் பிரித்திருந்தார். மூன்றாம் இலாச்சி ‘ரோலர்’: விட்வேர்த் ஸ்பானர்கள், ஒரு சிறு சுத்தியல், ஊசிகளைத் தட்டி எடுக்கும் பஞ்ச், எண்ணெய்க் குப்பி. ஐந்தாம் இலாச்சி ‘மோட்டார்’: மெட்றிக் ஸ்பானர்கள், பிடி காப்பிட்ட திருப்புளிகள், சோதனை விளக்கு, மற்றுமொரு சிறு சுத்தியல். நான் மறதி என்று எண்ணிய இரண்டாம் சுத்தியல் இதுவே! ரோலருக்குப் போகிறவர் மூன்றாம் இலாச்சியை அப்படியே உருவித் தோளில் வைத்துக்கொண்டு போகலாம். திரும்பி ஓடி வரவேண்டியதில்லை. மெட்றிக் 18 என்ற ஸ்பானர் ஒன்று மட்டும் ரோலர் இலாச்சியிலும் இடம் பெற்றிருந்தது. அதற்கும் காரணம் உண்டு: 3/8 விட்வேர்த் தலை 0.71 அங்குலம், ஏறத்தாழச் சரியாக 18 மில்லிமீற்றர். மொழி வேறாயினும் இரண்டிற்கும் பொதுவான சொல் ஒன்றிரண்டு இருக்கத்தானே செய்யும்.

முதல் இலாச்சி அளவுகோல்களுக்கு. மைக்கிறோமீற்றர் அங்கே துணியின்மேல் தனியே படுத்திருக்கும். அதன் வாயை இறுக மூடி வைக்கக்கூடாது, சிறிது திறந்தே வைக்க வேண்டும் என்பது அவர் விதி. வெப்பத்தால் உலோகம் விரியும்போது இறுகிய முகங்கள் ஒன்றையொன்று நெருக்கும் என்பார். இரண்டாம் இலாச்சியில் அரங்கள், இடையிடையே மரச்சட்டம் அடித்து, ஒன்றோடொன்று உரசாதபடி. நான் அவற்றைச் சணற்கயிற்றால் கட்டி வைத்தது அவர் கண்ணிற் பட்டிருந்தால் என்னாவது! அரத்தின் பல்லை அரத்தின் பல்லே மழுக்கும். கனமான சம்மட்டியும் குழாய்க் குறடும் அடி இலாச்சிக்கு உரியவை. மேலே வைத்தால், இலாச்சியை முழுவதும் இழுத்தவுடன் பெட்டியே முன்னால் கவிழும்.

துரு என்னும் பகையையும் சொல்ல வேண்டும். பதுளை நகரம் ஏறத்தாழ 2,200 அடி உயரம். ஹப்புத்தளை அதனிலும் இரு மடங்கு. மூடுபனி யன்னலால் நுழைந்து கதவால் போகும் ஊர்கள் இவை. ஒவ்வோர் இலாச்சியிலும் அவர் ஒரு கற்பூரக் கட்டியை வைத்திருந்தார். எனினும், நம்பியது எந்திர எண்ணெய் தோய்ந்த துணியையே. தேங்காயெண்ணெய் பிசுக்காகிவிடும் என்று ஒதுக்குவார். பூசையில் இட்ட ஈரச் சந்தனத்தை மறுநாள் விசயதசமியன்று காலையிலேயே துடைத்து எண்ணெய் பூசிவிடுவார். பொட்டை அழிக்கலாமா என்று பாட்டி முணுமுணுத்தது நினைவிருக்கிறது. பொட்டிட்ட இடத்திலேதான் துரு முதலிற் பூக்கும் என்பது பாட்டிக்குத் தெரியாது.

பிற நாடுகளிலே பேர்பெற்ற ஆயுதப் பெட்டிகள் உண்டு. இங்கிலாந்தின் சற்றம் நகரத்து பெஞ்சமின் சீற்றன் என்னும் தச்சர், 1796 இல் தந்தை வாங்கித் தந்த கருவிகளுக்காகத் தாமே அடுத்த ஆண்டு செய்த பெட்டி றொச்செஸ்ரர் நூதனசாலையில் இருக்கிறது. கருவிகளின் பட்டியலும் உடன் இருக்கிறது. அமெரிக்காவிலே பியானோ செய்த ஹென்றி ஸ்ரட்லி ஏறத்தாழ 300 கருவிகளைச் சுவரில் மாட்டும் ஒரு பெட்டிக்குள் அடக்கினார். படத்திற் பார்த்தாலே பிரமிப்பு உண்டாகும். ஆனால் அதில் அடியிலுள்ள கருவியை எடுக்க மேலடுக்கைத் திருப்ப வேண்டும். நள்ளிரவில் ரோலர் நின்றுவிட்ட தொழிற்சாலைக்கு அது உதவாது. விமானம் பழுது பார்க்கும் பட்டறைகளிலோ ஒவ்வொரு கருவியின் உருவத்தையும் மெத்தைத் தகட்டிலே குடைந்து வைக்கிறார்கள். இடம் வெறுமையாக இருந்தால், கருவி எந்திரத்துக்குள் மறந்து கிடக்கிறதோ என்று தேடாமல் விமானத்தைப் பறக்கவிடுவதில்லை. தந்தையாரின் பென்சிற் கோடும் அதே வேலையைத்தான் செய்தது. தேயிலையோடு ஓர் இரும்புத் துண்டு போய்விடக்கூடாது என்பதில் அவருக்கு விமானக்காரரிலும் குறையாத அச்சம் இருந்தது.

கோடுகளின்படி எல்லாவற்றையும் மீண்டும் வைக்க எனக்கு மூன்று நாள் பிடித்தது. அயல்வீட்டுச் சுத்தியலை வெட்கத்துடன் திருப்பி வாங்கினேன். இறுதியில் ஒரேயொரு கோட்டுருவம் வெறுமையாய் நின்றது: 7/16 விட்வேர்த். உள்ளே ‘இரவல்’ என்று எழுதியிருந்தது. யாருக்கு என்று எழுதவில்லை.

சென்ற ஆண்டு, என்னிடம் படித்த இளைஞர் ஒருவர் ஒரு தோட்டத் தொழிற்சாலையிலே பிட்டராகச் சேர்ந்தார். ஆயுத பூசைக்கு முதல் நாள் வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்து பார்த்தார். நெடுநேரம் பேசவில்லை. பின், “சேர், இதைத் தருவீங்களா?” என்று கேட்டார்.

“தருகிறேன் தம்பி. ஒழுங்கை மட்டும் குலைக்காதீர்கள்” என்றேன்.

“குலைக்கத்தான் வேணும், சேர். எங்கட ஸ்டோரில பழைய ரோலர் ஒன்றுதான் மிச்சம். மற்றதெல்லாம் மெட்றிக். மோட்டார் லாச்சி மேல வரணும்.”

எனக்குச் சிறிது வருத்தந்தான். ஆனால், தந்தையார் இருந்தாலும் இதனையே செய்திருப்பார் என்பதில் ஐயமில்லை. மூன்றாவதும் ஐந்தாவதும் இடம் மாறின. பலகையின் மறுபுறத்தைத் திருப்பிப் போட்டு, என் மகனின் பென்சிலை வாங்கி, அவர் புதிய கோடுகளை வரையத் தொடங்கினார். 7/16 வந்தபோது நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அதற்கும் ஓரிடம் விட்டு வரையச் சொன்னேன்.